நொட்டையக்காவின் ஐந்து நட்சத்திரங்கள்

சட்டைக் கம்பெனியில் அவளுக்கு என்று ஒரு சொந்தப் பெயர் இருந்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. மிஷின்களில் உட்கார்ந்து தைக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் அவள் நொட்டையக்காதான். தைத்து முடித்த சட்டைகளை வெள்ளை விளக்குக்குக் கீழே மேசைமேல் விரித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே நூல் தொங்குகிறது, எந்தக் காலரின் ஒரு முனை மற்ற முனையைவிட மயிரிழை தூக்கிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. சம்பளத்துக்காக இந்த வேலையைச் செய்கிறவர்கள் உண்டு. நொட்டையக்கா சம்பளம் தராவிட்டாலும் செய்திருப்பாள்.

கம்பெனி விட்டு வந்த பிறகும் அவள் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போனால் மேசைவிரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பாள். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னால், அவருடைய கோட்டில் மூன்றாவது பட்டன் தளர்ந்திருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் மூச்சை இழுப்பாள். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரிடம் அவள் கண்டுபிடித்துச் சொன்ன குறைகளையெல்லாம் அவர் மறுக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டார். அதனால் அவர்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் வந்ததில்லை.

வீட்டுக்காரர் கடைத்தெருவில் பாத்திரமும் வீட்டுச் சாமானும் விற்கும் ஒரு கடையில் விற்பனையாளர். வாளியிலிருந்து ஏணிவரை எல்லாம் அங்கே கிடைக்கும். கைபேசிக்குள்ளேயே ஒரு கடைத்தெரு வந்து உட்கார்ந்த பிறகு அவருடைய வேலையின் லட்சணமே மாறிவிட்டது. ஜனங்கள் வராமல் இல்லை. முன்னைவிட அதிகமாகவே வந்தார்கள். குக்கரைத் தட்டிப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், எந்த அளவு எத்தனை பேருக்குப் போதும் என்று அவரிடம் விளக்கமாகக் கேட்டுக்கொண்டார்கள், அடிப்பக்கத்தை போட்டோ எடுத்தார்கள், “வீட்டுல கேட்டுட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். போய், கடை வாசலிலேயே நின்று அதே குக்கரை போனில் ஆர்டர் போட்டார்கள். உள்ளே சிக்னல் சரியாகக் கிடைக்காது. முதலாளி நல்ல மனிதர். பாவம், மழையில் நனைகிறார்களே, உள்ளேயே சிக்னல் கிடைக்க ஏதாவது ஏற்பாடு செய்யலாமா என்று ஒருநாள் யோசித்தார்.

இதையெல்லாம் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வார். நொட்டையக்கா பரிதாபப்படுவாள். மகள் போன தடவை புகுந்த வீட்டிலிருந்து வந்தபோது ஏற்றிவிட்டுப் போன ஆப்பைத் திறந்து வைத்து, படம் படமாகத் தள்ளிக்கொண்டேதான் பரிதாபப்படுவாள்.

அந்த ஆப் அவளோடு தமிழில் பேசியது. என்ன தமிழ் என்றுதான் சொல்ல முடியாது. ‘உங்கள் கூடை தனிமையாக உணர்கிறது’ என்று காலையில் ஒரு செய்தி அனுப்பும். ‘நீங்கள் பார்த்த தலையணை உறை உங்களையும் பார்த்தது’ என்று மத்தியானம் ஒன்று. மனிதர்கள் யாரும் அவளிடம் இவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை. ஒரு சம்பளத் தேதியில் அவள் மனம் இளகி ஒரு படுக்கை விரிப்பை வாங்கிவிட்டாள்.

படத்தில் ஒரு பெரிய கட்டில், அதன்மேல் வழிய வழிய விரிப்பு, விரிப்பின்மேல் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம். பார்சலைப் பிரித்தபோது குடும்பம் இல்லை, பரவாயில்லை. விரிப்பும் இல்லை. கட்டிலின் ஒரு மூலையை இழுத்து மூடினால் மறு மூலை திறந்துகொண்டது. நொட்டையக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், ஓரத்தை மடித்துப் பார்த்தாள், தையலை விரலால் நெருடினாள். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டக் கை துறுதுறுத்தது. வீட்டில் ஸ்டிக்கர் இல்லை. ஆனால் போனில் ‘உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்’ என்று ஒரு காலிக் கட்டம் இருந்தது.

அவள் எழுதினாள்: ‘படுக்கை விரிப்பு கேட்டேன், கைக்குட்டை வந்திருக்கிறது. ஜலதோஷம் பிடித்தால் உதவும். ஓரத்தில் மடித்துத் தைக்க நூல் போதவில்லை போலிருக்கிறது, பாதியில் விட்டுவிட்டார்கள். ஒரு நட்சத்திரம். அதுவும், பூஜ்யம் போட வழியில்லாததால்.’

மறுநாள் பார்த்தால் பல நூறு பேர் அதைப் ‘பயனுள்ளது’ என்று அழுத்தியிருந்தார்கள். கம்பெனியில் அவள் ஒட்டிய ஸ்டிக்கர்களுக்கு முகச்சுளிப்பைத் தவிர வேறெதுவும் கிடைத்ததில்லை. இங்கே முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். அன்றைக்கு அவள் வீட்டுக்காரரிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் கொஞ்சம் பயந்துபோனார்.

அதற்குப் பிறகு அவள் வாங்கியதெல்லாம் குறை சொல்வதற்காகவே வாங்கியது. காய் நறுக்கும் கருவி வந்தது. ‘விளம்பரத்தில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வெங்காயம் நறுக்குகிறார். நான் அழுதேன். வெங்காயம் இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது’ என்று எழுதினாள். ஒரு பிளாஸ்க் வந்தது. ‘இதில் ஊற்றிய வெந்நீர் என் வீட்டுக்காரரின் கோபத்தைவிடச் சீக்கிரம் ஆறிவிடுகிறது’ என்று எழுதினாள். எழுதி முடித்ததும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவாள், பணமும் திரும்பி வந்துவிடும்.

பார்சல் கொண்டுவருகிறவர் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் விற்றவர், பருத்த உடம்புக்காரர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறி வந்து கொடுத்துவிட்டு, சில நாள் கழித்து அதே பெட்டியை எடுத்துப்போக மறுபடி மூன்று மாடி ஏறுவார். ஒரு தடவை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி சொன்னார்: “நீங்க எதையும் வாங்குறதே இல்லம்மா. சாமானுக்கு ஊர் சுத்திக் காட்டுறீங்க.”

கட்டடத்தில் அவளுடைய மதிப்பு ஏறிக்கொண்டே போனது. படிக்கட்டில் அவளை நிறுத்தி, போனை நீட்டி, இதை வாங்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எல்லாரும் ஆர்டர் போட்டார்கள். அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கீழ்ப்படியில் நிற்கிறவர்கள் காத்திருக்கக் காத்திருக்க, நிதானமாகப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். முதல் மாடிப் பல் டாக்டர்கூடப் பல் துலக்கும் பிரஷ் வாங்குவதற்கு முன்னால் அவளிடம் அபிப்பிராயம் கேட்டார். ஆப்காரர்களும் அவள் பெயருக்குப் பக்கத்தில் ‘நம்பகமான குரல்’ என்று ஒரு பச்சைப் பட்டையைக் குத்திவிட்டார்கள். அவள் அதை வீட்டுக்காரரிடம் காட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, “எங்க கடைக்கு எதுவும் போட்டுடாதே” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இந்தப் புகழ் எட்டாத ஒரே வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அது நாத்தனார் வீடு. வீட்டுக்காரரின் அக்கா. மின்சார ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நொட்டையக்கா அவருடைய பேச்சில், சமையலில், திரைச்சீலையில் எல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தாள். நாத்தனாரும் பதிலுக்கு இவள் செய்த எதையும் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. மற்றபடி இருவரும் மிகுந்த மரியாதையோடுதான் பழகினார்கள். ஆப்பில் அவள் எழுதுவதைப் பற்றிக் கேட்டதற்கு நாத்தனார், “நீ நல்லா எழுதுறதா சொல்றாங்க. நமக்கெங்க இதெல்லாம் படிக்க நேரம்” என்றார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு நேரத்தைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

இந்த நிலைமையில் ஒரு வியாபாரியிடமிருந்து செய்தி வந்தது. முன்பும் செய்திகள் வந்ததுண்டு, ‘ஒரு நட்சத்திரத்தை மூன்றாக்கினால் புதுசு அனுப்புகிறோம்’ என்று. அவற்றுக்கு அவள் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. இந்த வியாபாரி விவரமானவர். நட்சத்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ‘உங்களைப் போன்ற நேர்மையானவர்களின் அபிப்பிராயத்துக்காகத்தான் நாங்கள் ஏங்குகிறோம். ஒரு கைப்பை அனுப்புகிறோம். இலவசம். மனதில் பட்டதை எழுதுங்கள், போதும்’ என்றிருந்தார்.

கைப்பை வந்தது. அவள் மனதில் பட்டதை எழுதினாள். இரண்டு நட்சத்திரம் போட்டாள். அதற்குப் பிறகு அந்த வியாபாரியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இன்னொருவர் ஒரு சுவர்க் கடிகாரம் அனுப்பினார். அதற்கு மூன்று போட்டாள். அவரும் காணாமல் போனார். ஏக்கம் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிட்டது அவர்களுக்கு. வாசல் மணி அடிக்காத சாயங்காலங்கள் வந்தன. பார்சல்காரர் மற்ற வீடுகளுக்கு ஏறிப்போகும் காலடிச் சத்தம் கேட்கும்போது நொட்டையக்காவுக்கு ஏதோ ஒரு மாதிரி இருந்தது.

அடுத்து ஒரு மேசை விளக்கு வந்தது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சாய்வுகூட ஒரு அழகுதானே என்று அவளுக்குத் தோன்றியது. நாலு போட்டாள். வியாபாரி நன்றி சொல்லி ஒரு ஜோடித் திரைச்சீலை அனுப்பினார். திரைச்சீலைக்கு ஐந்து போட்டாள். முதல் தடவை ஐந்தாவது நட்சத்திரத்தை அழுத்துவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அடுத்தடுத்து அதற்கும் தேவையில்லாமல் போய்விட்டது. கம்பெனியில் தப்பான சட்டையைக் கண்டால் இன்னும் ஸ்டிக்கர் ஒட்டத்தான் செய்தாள். வீட்டில் மட்டும் உலகம் குறையில்லாமல் இருந்தது.

பெட்டிகள் சுவரோரமாக அடுக்கப்பட்டன. வீட்டுக்காரர் நாற்காலியில் உட்காருவதை விட்டு ஒரு பெட்டியின்மேல் உட்காரப் பழகிக்கொண்டார், நாற்காலிமேலும் ஒரு பெட்டி இருந்ததால். பகலெல்லாம் வாங்காதவர்களுக்கு விளக்கம் சொல்லிவிட்டு வந்து, சாயங்காலம் வாங்காமலே வந்த சாமான்களுக்கு நடுவில் டீ குடித்தார். ஆரம்பத்தில் நொட்டையக்கா எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துத்தான் எழுதினாள். பெட்டிகள் பெருகப் பெருக அதற்கு நேரம் போதவில்லை. கடைசியில் ஐந்துதான் போடப்போகிறோம் என்று தெரிந்த பிறகு பிரித்துப் பார்ப்பது வீண்வேலை என்றும் ஆகிவிட்டது.

அப்படித்தான் அந்த ஏணி வந்தது. அலுமினியத்தில் செய்த மடக்கு ஏணி. பார்சல்காரர் தோளில் சாய்த்துத் தூக்கிவந்து கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் போனார். நொட்டையக்கா பெட்டியின்மேல் இருந்த படத்தைப் பார்த்தாள். கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கும்போது எழுதினாள்: ‘உறுதி என்றால் இதுதான் உறுதி. என் எடைக்கே அசையவில்லை. கால்களில் வழுக்காத ரப்பர். எங்கள் வீட்டில் எல்லாரும் இதில்தான் ஏறுகிறோம். வயதானவர்களும் பயமில்லாமல் தாராளமாக ஏறலாம்.’ ஐந்து நட்சத்திரம். பஸ் வந்துவிட்டது.

பெட்டி கதவுக்குப் பின்னாலேயே நின்றது. அதில் வீட்டுக்காரர் குடையை மாட்டிவைக்கத் தொடங்கினார்.

நாத்தனார் விழுந்த செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஏணியில் ஏறிப் பரண் மேலிருந்த சூட்கேஸை எடுக்கப்போனாராம். மூன்றாவது படி கழன்றுகொண்டது. வலது மணிக்கட்டு முறிவு, இடுப்பில் அடி. நொட்டையக்காவும் வீட்டுக்காரரும் போனபோது மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எந்த ஏணி என்று நொட்டையக்கா கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்காரர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவர் அதிகம் பேசாதவர். அன்றைக்கு ஒவ்வொரு வாக்கியமாகத் தேடி எடுத்துச் சொன்னார். சில வாரங்களுக்கு முன்னால் அவருடைய அக்கா கடைக்கு வந்தாராம். அங்கே இருந்த இரும்பு ஏணியில் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். பரணுக்கு எத்தனை படி வேண்டியிருக்கும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு வாசலில் போய் நின்று போனை எடுத்தார்.

“போனை எடுத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றார். “அதுல நம்ம வீட்டு ஏணியோட படம். எது வாங்கப் போறாங்கன்னும் தெரிஞ்சுபோச்சு.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்றது? அந்தப் பெட்டியில நான் குடை மாட்டிக்கிட்டிருக்கேன்னா?”

அவர் அவளைக் குற்றம் சொல்கிற மாதிரி பார்க்கவில்லை. தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். நாத்தனார் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் எப்போதும்போல இருந்தது. மாவுக்கட்டின் விளிம்பு முழங்கைப் பக்கம் கோணலாக முடிந்திருப்பதை நொட்டையக்காவின் கண் உள்ளே நுழைந்த நொடியிலேயே பார்த்துவிட்டது. அவள் அதைச் சொல்லவில்லை. இலவசமாக எதுவும் கிடைக்காமலே அவள் பார்த்தும் சொல்லாமல் விட்ட முதல் கோணல் அதுவாகத்தான் இருக்கும்.

தம்பியை மருந்து வாங்கிவர அனுப்பிவிட்டு நாத்தனார் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“நீ எழுதுறதையெல்லாம் ஒண்ணு விடாம படிப்பேன்” என்றார். “படிக்கிறதில்லைன்னு உன்கிட்ட சொன்னது சும்மா.”

நொட்டையக்கா போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

“முப்பது வருஷமா என்னோட எதையாவது நல்லாயிருக்குன்னு சொல்லியிருக்கியா? எனக்குக் கோபமாத்தான் இருக்கும். ஆனா ராத்திரி படுத்து யோசிச்சா, இவ சொன்னது சரிதானேன்னு தோணும். அதான் உன்னைப் பிடிக்கலைன்னாலும் உன் வாயை நம்புவேன். வயசானவங்க தாராளமா ஏறலாம்னு எழுதியிருந்தே. இவளே இப்படி எழுதியிருக்கான்னா கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்னு ஏறினேன்.”

நாத்தனாரிடமிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. இப்படி ஒரு இடத்தில், இப்படி ஒரு நேரத்தில் கிடைக்கவேண்டுமா. நொட்டையக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“அண்ணி, நான் அந்தப் பெட்டியைப் பிரிக்கவே இல்ல.”

ஒரு நர்ஸ் வந்து விரல்களை அசைக்கச் சொன்னாள், நாத்தனார் அசைத்துக் காட்டினார். நர்ஸ் போனதும் சொன்னார்:

“பிரிச்சிருந்தா நீ விழுந்திருப்பே. நீ வேலைக்குப் போறவ. எனக்கென்ன, வீட்டுலதானே கிடக்கேன்.”

இது மன்னிப்பா, குத்தலா என்று நொட்டையக்காவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஆப்பைத் திறந்து தான் எழுதியதைத் திருத்தப் பார்த்தது. ‘முன்பு நான் எழுதியது பொய். நான் ஏறவில்லை. என் நாத்தனார் ஏறினார். அவருடைய வலது கை இப்போது மாவுக்கட்டில் இருக்கிறது. யாரும் வாங்காதீர்கள்’ என்று எழுதி, நட்சத்திரத்தை ஒன்றாகக் குறைத்தாள். சற்று நேரத்தில் பதில் வந்தது: ‘உங்கள் கருத்து எங்கள் நெறிகளுக்குப் பொருந்தவில்லை. தயவுசெய்து பொருளைப் பற்றி மட்டும் பேசவும். குடும்ப விவகாரங்களைத் தவிர்க்கவும்.’ சரி என்று குடும்பத்தை எடுத்துவிட்டு, ‘படி உடைந்துவிட்டது’ என்று மட்டும் எழுதினாள். ‘இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதினால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்குமே’ என்று ஆப் கொஞ்சியது.

மூன்றாவது தடவை அவள் விரிவாகவே எழுதினாள். ஏணி இலவசமாக வந்தது என்பதையும், அதற்கு முன் வந்த விளக்கு, திரைச்சீலை எல்லாம் அப்படி வந்தவைதான் என்பதையும், பஸ்ஸுக்கு நிற்கும்போது எழுதினேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதினாள். அதற்கு உடனே பலன் கிடைத்தது. இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டு கருத்து எழுதுவது பெரிய குற்றம் என்று ஆப்காரர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்ததுபோல அவளுடைய கணக்கை முடக்கிவிட்டார்கள். பச்சைப் பட்டை போய்விட்டது. அவள் பெயர் இருந்த இடத்தில் எல்லாம் ‘ஒரு வாடிக்கையாளர்’ என்று வந்துவிட்டது. அந்த ஒரு வாடிக்கையாளர் ஏணிக்குப் போட்ட ஐந்து நட்சத்திரம் மட்டும் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. இனி அவளாலும் அதைத் தொட முடியாது.

கட்டு பிரிக்கும்வரை நாத்தனாரைத் தங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். சுவரோரப் பெட்டிகளை வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி இடம் செய்தார். நொட்டையக்கா தலை வாரிவிட்டாள், துணி துவைத்துப் போட்டாள், நாத்தனார் சொன்ன குறைகளையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டாள். நாத்தனாருக்குக் குறை சொல்ல நிறைய நேரம் இருந்தது. மிச்ச நேரத்தில் போன் பார்த்தார். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கட்டைவிரலால் தள்ளப் பழகிக்கொண்டிருந்தார். ஒருநாள் கதவு மணி அடித்தது, பார்சல்காரர் நின்றார். முறிந்த கையைத் தூக்கி வைத்துக்கொள்ள நாத்தனார் ஒரு விசேஷத் தலையணை ஆர்டர் போட்டிருந்தாராம். ஆயிரக்கணக்கான பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்ததைக் காட்டினார். நொட்டையக்கா தலையணையை வாங்கி, ஒவ்வொரு தையலாக இழுத்துப் பார்த்து, அவர் கைக்குக் கீழே வைத்தாள்.

கதவுக்குப் பின்னால் நின்ற ஏணியை ஒருநாள் வீட்டுக்காரர் பிரித்தார். படிகளைப் பிடித்திருந்த ஆணிகள் ஊசி மாதிரி இருந்தன. கையால் உலுக்கியபோதே ஒன்று கழன்று அவர் காலடியில் விழுந்தது. இரும்பு விலைக்கு எடுக்கிறவன்கூட இதை எடுக்கமாட்டான் என்ற முகத்தோடு கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

அப்போதுதான் நொட்டையக்காவுக்குக் கட்டடத்தில் இதே ஏணி இருக்கும் மற்ற வீடுகளின் நினைவு வந்தது. படிக்கட்டில் நின்று அவளே சிபாரிசு செய்தது. உடனே கிளம்பினாள். பல் டாக்டர் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஏணியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் அதில் துணி காயப்போட்டிருந்தார்கள். சிக்கல் மேல்மாடியில்தான் வந்தது.

மேல்மாடியில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா இருந்தார். கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர், ஒல்லியானவர், ஒற்றை ஆள். அவருக்குத் தூசி ஆகாது. வாரம் தவறாமல் மின்விசிறி, ஜன்னலுக்கு மேலே உள்ள காற்றுத் துவாரம், அலமாரியின் தலை எல்லாவற்றையும் ஏணி போட்டு ஏறித் துடைப்பார். நொட்டையக்கா நாத்தனார் விழுந்த கதையைச் சொல்லி, ஏணியைத் திருப்பிக் கேட்டாள். டைப்பிஸ்ட் அம்மா ஏணியைக் கையால் தட்டிக்கொடுத்தார். நல்லாத்தானே இருக்கு என்றார். அவருடைய போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே, அத்தனை பேரும் பொய்யா என்று கேட்டார். அவர்களுக்கும் சும்மா வந்திருக்கும் என்றாள் நொட்டையக்கா. நான் எழுதினதே பொய்தான் என்றாள்.

டைப்பிஸ்ட் அம்மா கோர்ட்டில் நிறையச் சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு டைப் அடித்தவர்.

“அன்னிக்குப் பொய் சொன்னேங்கிறே. இன்னிக்கு நிஜம் சொல்றேங்கிறே. ரெண்டுல எதை நம்புறதுன்னு நான் எப்படி முடிவு பண்றது?” என்றார்.

நொட்டையக்கா கீழே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் மறுநாள் முதலாளியிடம் பேசி, கடையில் இருந்த இரும்பு ஏணியைத் தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்துக்கொண்டு, நாலு மாடி ஏறிக் கொண்டுபோய் டைப்பிஸ்ட் அம்மா வாசலில் வைத்தார். அந்தக் கடையில் அந்த மாதம் விற்ற ஒரே ஏணி அதுவாகத்தான் இருக்கும். டைப்பிஸ்ட் அம்மா அதைத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடியவில்லை. கனமா இருக்கு, ரேட்டிங் எதுவும் போடலையே, யார் செஞ்சதோ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மேல்மாடியில் ஏணியை இழுக்கும் சத்தம் கேட்டால் நொட்டையக்கா கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். முதல் இரண்டு தடவை டைப்பிஸ்ட் அம்மா, எதுக்கு இந்த நடிப்பு என்று கேட்டார். பிறகு கதவைத் திறந்தே வைக்கத் தொடங்கினார். கை சரியாகித் தன் வீட்டுக்குப் போய்விட்ட நாத்தனார் இதைக் கேள்விப்பட்டு, நல்ல வேலை கிடைச்சிருக்கு என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினார்.

நொட்டையக்கா இரண்டு கையாலும் ஏணியின் பக்கச் சட்டங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஒரு கால் தரையில் சரியாகப் பதியாது. அதன்மேல் தன் பாதத்தை வைத்து அழுத்திக்கொள்வாள். மேலே ஒவ்வொரு படியிலும் உலோகம் கிறீச்சிடும், அவள் படிகளை எண்ணிக்கொண்டே நிற்பாள். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு எந்த அவசரமும் இல்லை. மின்விசிறியின் ஒரு இறக்கையை மேலும் கீழும் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, துணியை உதறி மடித்து, அடுத்த இறக்கையைத் தன் பக்கம் மெல்லச் சுழற்றுவார்.